செருமச் செருமக் கூடும் சளி

பெரியப்பா வீட்டுக்கு வருவதை அவருடைய செருமல்தான் முதலில் சொல்லும். செருப்பைக் கழற்றுமுன் இரண்டு, திண்ணையில் உட்கார்ந்ததும் மூன்று. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய தொண்டை. "அங்கயே நிக்குதுப்பா, வெளியவும் வர மாட்டேங்குது, உள்ளவும் போக மாட்டேங்குது" என்பார். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அலமாரியில் இருமல் மருந்து பாட்டில்கள்தான் சேர்ந்துகொண்டிருந்தன.

சளியைக் கழிவு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அது உடல் வேண்டுமென்றே சுரப்பது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். மீதி, மியூசின் என்ற வழவழப்பான புரதமும் உப்பும் கிருமியை எதிர்க்கும் பொருள்களும். மூக்கும் சைனஸ் அறைகளும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் சுரக்கின்றன. நலமாக இருப்பவரும் அதைத் தெரியாமலே விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

அதைத் தொண்டைக்குத் தள்ளிவருபவை மூக்கின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 200. வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் துடுப்புப் போடுகின்றன. இந்த வேகத்தை அளக்க மருத்துவர்களிடம் ஓர் எளிய சோதனை உண்டு. மூக்குத் துளைக்குள் ஒரு துணுக்குச் சாக்ரின் வைத்து, உறிஞ்சாமல் தும்மாமல் உட்காரச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொண்டையில் இனிப்புத் தட்டும். சளி அவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது என்று பொருள். அரை மணி கழித்தும் இனிக்கவில்லை என்றால் மயிர்கள் சோர்ந்திருக்கின்றன. புகைபிடிப்பவர்களுக்கு இப்படி ஆவது சகஜம்.

ஆக, தொண்டையில் சளி இருப்பது நோயல்ல; அது இருப்பது நமக்குத் தெரியத் தொடங்குவதுதான் தொந்தரவு. ஒன்று, சளி கெட்டிப்பட்டிருக்கும். இல்லையென்றால் தொண்டைச் சவ்வு புண்பட்டு, வழக்கமான ஈரத்தையே பாரமாக உணரும். இங்கேதான் செருமல் கெடுதல் செய்கிறது. ஒவ்வொரு செருமலிலும் இரண்டு குரல்நாண்களும் பலமாக மோதி உரசுகின்றன. உரசிய இடம் வீங்குகிறது. வீக்கம் ஏதோ ஒட்டியிருப்பது போலவே தோன்றும்; புண்பட்ட சவ்வும் தன்னைக் காக்க இன்னும் சுரக்கும். மறுபடி செருமத் தோன்றும். பெரியப்பாவுக்கு இ.என்.டி. டாக்டர் சொன்ன முதல் வைத்தியம் இதுதான்: செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர், தண்ணீர் இல்லாவிட்டால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள்.

ஊற்று எங்கே என்றும் பார்க்க வேண்டும். பலருக்கு அது மூக்கு: தலையணைத் தூசி, ஒவ்வாமை, சைனஸ். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். ஆனால் கொதித்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், அதிலிருந்த அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நான்கைந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை வரவழைக்கும்.

இன்னொரு ஊற்று வயிறு. நெஞ்செரிச்சலே இல்லாமலும் எதுக்களிப்பு தொண்டைவரை வந்து சவ்வை அரிக்கலாம். உடனே மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இது எனக்குக் கவலை தருகிறது. தொண்டைத் தொந்தரவு தீராத 346 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பாதிப் பேருக்கு 16 வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியிருந்தார்கள். பெரியப்பா பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பவர். சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம். இரண்டு மாதத்தில் செருமல் வெகுவாகக் குறைந்தது.

பால் சளியைக் கூட்டும் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 பேருக்கு ஜலதோஷக் கிருமியைக் கொடுத்து, குடித்த பாலையும் மூக்கிலிருந்து வந்த சளியையும் கணக்கெடுத்தார்கள். 1990இல் வெளியான முடிவு: இரண்டுக்கும் தொடர்பில்லை. பாலும் எச்சிலும் கலந்து கொஞ்ச நேரம் நாக்கில் படிவதையே நாம் சளி என்கிறோம். ஆடாதோடையின் கதை வேறு. அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் உருவானது. பல இருமல் சிரப்புகளில் இருக்கும் அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. நெஞ்சுச் சளியை இளக்குபவை இவை. மூக்கிலோ வயிற்றிலோ இருக்கும் ஊற்றை அடைக்காது.

சளியில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் கரகரக்கும் குரல், விழுங்கும்போது தடை, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் குறையும் எடை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். தொண்டையைப் பார்ப்பதும் பெரிய காரியமில்லை. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விடுவார்கள். சில நிமிட வேலை. "ஈ... என்று சொல்லுங்கள்" என்பார் டாக்டர். திரையில் உங்கள் குரல்நாண்கள் ஒன்றுசேர்வதை நீங்களே பார்க்கலாம்.