கால்மணி நேரத்தில் எட்டு

மலேரியாக் கிருமி எப்படிப் பெருகுகிறது தெரியுமா?

நம் உடலின் செல் குரோமோசோம்களை இரட்டித்து, உட்கருவின் உறையைக் கலைத்து, இரண்டாகப் பிரிகிறது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணியின் வழி வேறு. அதற்கு 14 குரோமோசோம்கள். சிவப்பணுவுக்குள் புகுந்தபின், உறையைக் கலைக்காமலே உட்கருக்களை மட்டும் பெருக்கிக்கொண்டே போகும். ஒவ்வோர் உட்கருவும் தன்போக்கில் பிரிவதால் எண்ணிக்கை 2, 4, 8 என ஒழுங்காக ஏறாது. கடைசியில்தான் எல்லாம் ஒரே சமயத்தில் தனித்தனிச் செல்களாகும். ஃபால்சிபாரம் வகையில் இதற்குச் சுமார் 48 மணி நேரம். சிவப்பணு வெடித்து அவை வெளியேறும்போதுதான் நோயாளிக்குக் குளிரும் காய்ச்சலும்.

கொசுவின் வயிற்றில் வேகம் இன்னும் அதிகம். அங்கே ஒட்டுண்ணியின் ஆண் வடிவம் தன் டிஎன்ஏவை மூன்று முறை நகலெடுத்து, ஏறத்தாழ 15 நிமிடத்தில் வாலுள்ள எட்டு ஆண் அணுக்களை வெளிவிடும். 1880-இல் அல்ஜீரியாவில், நோயாளி ஒருவரின் இரத்தத் துளியில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவெரான் நுண்ணோக்கிவழி கண்ட நெளியும் இழைகள் இவைதாம். உடலைவிட்டு வந்த இரத்தம் ஆறியதும், கொசுவுக்குள் வந்துவிட்டதுபோல ஒட்டுண்ணி விழித்துக்கொண்டது. இந்தத் துறையில் செய்த பணிக்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் இந்த ஒட்டுண்ணியின் புரதங்கள் சில மனிதச் செல்லில் இல்லாதவை. அவற்றை முடக்கும் மருந்துகளை விஞ்ஞானிகள் இப்போது தேடிவருகிறார்கள்.