காரின் கணினியைத் திருத்தும் மென்பொருள்

இன்றைய காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நேரடியாகப் பெட்ரோல் பாய்வதில்லை. அந்த மிதி ஒரு கோரிக்கை மட்டுமே. ஈசியூ எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி அதைப் படித்து, எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் தீப்பொறி என்று முடிவு செய்கிறது. அந்த முடிவுகளுக்கான எண்களை மாற்றி எழுதும் வேலையைத்தான் மெக்கானிக்குகள் ரீமேப் அல்லது டியூனிங் என்கிறார்கள்.

ஈசியூவின் நினைவகத்தில் மேப் எனப்படும் அட்டவணைகள் இருக்கும். தீப்பொறிக்கான மேப்பில் ஒரு பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகம், மறுபக்கம் அதன் மீதுள்ள சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது தீப்பொறி விழ வேண்டும் என்ற எண் இருக்கும். எரிபொருள் அளவு, டர்போவின் காற்றழுத்தம், முறுக்குவிசையின் உச்சவரம்பு ஆகியவற்றுக்கும் தனித்தனி மேப்கள் உண்டு.

1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த போஷ் மோட்ரானிக், தீப்பொறியையும் எரிபொருளையும் ஒரே டிஜிட்டல் கணினியிடம் ஒப்படைத்தது. அந்தக் காலத்து டியூனிங்கில் கணினியைத் திறந்து, எண்கள் பதிந்த சிப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவார்கள். பின்னர் அழித்து எழுதக்கூடிய நினைவகம் வந்தது. இப்போது பல கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள கோளாறு கண்டறிவதற்கான 16 ஊசி ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகினாலே போதும். பூட்டு பலமாக உள்ள ஈசியூவை மட்டும் கழற்றி மேஜையில் வைத்து எழுதுகிறார்கள்.

முதலில் மூல மென்பொருள் கோப்பைப் படித்துப் பத்திரப்படுத்துவார்கள். பிறகு அதில் மேப்களைக் கண்டுபிடித்து எண்களைத் திருத்துவார்கள். கோப்பு கெடவில்லை என்பதை ஈசியூ ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகையால் உறுதி செய்துகொள்வதால், அதையும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். கடைசியாகக் கோப்பு திரும்ப எழுதப்படும். அப்போது மின்னழுத்தம் விழுந்தால் ஈசியூ செயலிழக்கக்கூடும். அதனால்தான் பேட்டரியோடு மின்வழங்கி ஒன்றை இணைத்துக்கொள்கிறார்கள்.

டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தையும் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டினால் திறன் 20 முதல் 30 சதவீதம் வரை உயரலாம். டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்ட வழியில்லை என்பதால், அதில் கிடைப்பது சில சதவீதமே.

தயாரிப்பாளர் இந்தத் திறனைத் தெரியாமல் விட்டுவைக்கவில்லை. தரம் குறைந்த எரிபொருள், கொளுத்தும் வெயில், மலைப்பாதை, அடைத்துக்கொண்ட ஃபில்டர் எல்லாவற்றிலும் எஞ்சின் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதற்கான பாதுகாப்பு இடைவெளி அது. தீப்பொறியை அளவுக்கு மீறி முன்கூட்டியே விழச் செய்தால், எரியாமல் மீதமுள்ள எரிபொருள்-காற்றுக் கலவை தானே வெடித்து எரியக்கூடும். இந்த 'நாக்கிங்' பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும். கூடிய முறுக்குவிசையில் கிளட்ச் வழுக்கும். டீசல் எஞ்சினில் எரிபொருள் மிகுந்தால் கரும்புகை வரும், டர்போ அளவுமீறிச் சூடாகும்.

டீசல் துகள் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அது இருப்பதாகவே ஈசியூவை நம்பவைக்கும் மென்பொருளும் விற்பனையாகிறது. இது திறன் கூட்டும் வேலை அல்ல, பிறர் சுவாசிக்கும் காற்றைக் கெடுக்கும் வேலை. அமெரிக்காவில் மட்டும் பத்தாண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களின் மாசுத் தடுப்பு அகற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. அங்கே இது சட்டவிரோதம். இந்தியாவிலும், பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது.

ரீமேப் செய்த காருக்கு வாரண்டி மறுக்கப்படலாம்; மறைத்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். காரை ஒப்படைக்கும் முன், எந்த எண்கள் மாறுகின்றன, மூலக் கோப்பு கையில் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.