எட்டடி தூரத்தில் எத்தனை பேர் அடங்குவர்?

"மிர்ரர்லெஸ் காமிரா வாங்கப் போகிறேன். எந்த லென்ஸ் வாங்கட்டும்?" சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்தும் வேளையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. காமிராவைப் பற்றிப் பத்து நாள் ஆராய்கிறவர்கள்கூட, லென்ஸ் விஷயத்தில் பெட்டியோடு வருவது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படி விட்டவன்தான். அதனால் இழந்ததைச் சொன்னால் பிறருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

2016-ல் என் தாயாருக்கு எண்பது வயது நிறைந்தது. திருநெல்வேலியிலிருந்து அண்ணன் குடும்பம், டில்லியிலிருந்து தங்கை குடும்பம் என எல்லோரும் செம்பூரில் எங்கள் வீட்டில் கூடினோம். மும்பை வீடுகளின் விஸ்தீரணத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் கூடம் 12 அடி நீளம், 10 அடி அகலம். நீளச் சுவரோரம் எல்லோரையும் நிறுத்திவிட்டு, எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நான் நின்றேன். இடைவெளி 8 அடி. பின்வரிசையில் 7 பேர். ஆளுக்கு ஒன்றரை அடி என்றாலும் பத்தரை அடி வேண்டும். என்னிடம் இருந்த 18-55 லென்ஸில் அடங்கியதோ ஏறத்தாழ 10 அடிதான். ஒரு ஓரத்தில் அத்தையின் தோளும், மறு ஓரத்தில் தங்கை மகனின் பாதி முகமும் வெட்டுப்பட்டன.

மாலையில் அம்மா குத்துவிளக்கேற்றினார். ஜூமை முழுவதும் நீட்டி அவர் முகத்தை எடுத்தேன். எல்லாப் படமும் கலங்கிப்போயின. 2018-ல் அம்மா காலமானார். அதற்குமுன் எல்லோரும் மறுபடி ஒன்றுகூட வாய்க்கவில்லை.

குறை லென்ஸில் இல்லை. ஐந்து நிமிடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் வாங்கியதே குறை.

அகலக் கணக்கு

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண் அதன் குவியத் தொலைவு. எண் சிறியதானால் காட்சி அகலும். பெரியதானால் தூரத்துப் பொருள் அருகில் வரும். அகலத்தில் தொடங்கி, ஓரளவு தூரம் வரை ஒரே லென்ஸில் தருவதே ஸ்டாண்டர்ட் ஜூம்.

படத்தில் அடங்கும் அகலத்தைக் கண்டுபிடிப்பது எளிது. நிற்கும் தூரத்தைக் காமிராவின் சென்சார் அகலத்தால் பெருக்கி, குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். பழைய பிலிம் அளவான ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால் 8 அடியில் 12 அடி அடங்கும். 28-ல் தொடங்கும் லென்ஸ் என்றால் பத்தேகால் அடிதான். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம், ஒருவரை நிச்சயமாக வெளியே நிறுத்திவிடும். சிறிய ஏ.பி.எஸ்.சி. சென்சார் பெரும்பாலும் 23.5 மி.மீ. அகலம். அதில் 16 மி.மீ. என்றால் பதினொன்றரை அடிக்கு மேல், 17 என்றால் 11 அடி, 18 என்றால் பத்தரைக்கும் சற்றுக் குறைவு. கேனான் ஏ.பி.எஸ்.சி. சென்சார் இன்னும் சற்றுச் சிறியது. அதில் அகலமும் குறையும்.

மிக அகலத்தில் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர்கள் சற்று இழுபட்டுப் பருத்துத் தெரிவார்கள். ஆகவே பெரியவர்களை நடுவிலும் மெலிந்தவர்களை ஓரத்திலும் நிறுத்துவது உத்தமம்.

வெளிச்சக் கணக்கு

அடுத்து எஃப் என்ற எண். இது சிறியதானால் லென்ஸின் துவாரம் பெரிது. எஃப் 5.6-ஐவிட எஃப் 4 இரண்டு மடங்கும், எஃப் 2.8 நான்கு மடங்கும் வெளிச்சத்தை உள்ளே விடும். 3.5-5.6 என்று எழுதியிருந்தால், ஜூமை நீட்ட நீட்டத் துவாரம் சுருங்கி 5.6-க்கு வந்துவிடும் என்று பொருள். அன்று விளக்கொளியில் என் காமிரா 1/15 வினாடியில் இயங்கியது. எஃப் 2.8 இருந்திருந்தால் 1/60 வினாடி கிடைத்திருக்கும்.

அதிர்வு தடுக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நம் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும். விளக்கேற்றும் கையின் அசைவையோ, அரங்கேற்றத்தில் ஆடும் குழந்தையின் அசைவையோ அது நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர்தான் வேண்டும்.

எது யாருக்கு?

முதலில் பழைய படங்களில் நூறைக் கம்ப்யூட்டரில் பாருங்கள். ஒவ்வொன்றும் எந்த மி.மீ.-ல் எடுக்கப்பட்டது என்று விவரத்தில் இருக்கும். என் படங்களில் பாதிக்கு மேல் 18-லேயே நின்றிருந்தன. எனக்கு வேண்டியது அகலமும் வெளிச்சமுமே தவிர, தூரமல்ல.

வீட்டு விசேஷம், கச்சேரி, நாட்டியம் எனில் எஃப் 2.8 நல்லது. ஏ.பி.எஸ்.சி. காமிராவுக்கு 2021-ல் வந்த சிக்மா 18-50 எடை 300 கிராமுக்கும் குறைவு. ஆனால் லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இல்லை. அதே ஆண்டு வந்த டாம்ரான் 17-70-ல் அது உண்டு. எடை 525 கிராம். கோயில் யாத்திரை, மலைவாசம், பகல் வெளிச்சம் எனில் எஃப் 4 போதும். நிக்கானின் 24-120 அதற்கு ஏற்றது. எடை 630 கிராம். நீங்கள் வாங்குவது உங்கள் காமிராவின் பூட்டுக்குப் பொருந்துவதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வகைப் பூட்டுக்கான லென்ஸ் இன்னொரு வகைப் பூட்டில் நேராகப் பொருந்தாது.

போரா பஜார் கடைக்குப் போகும்போது காமிராவையும் கொண்டு செல்லுங்கள். முழு அகலத்தில், முழுத் துவாரத்தில் ஒரு சுவரை எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய லென்ஸ் எனில் டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். நம் ஊர் மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை படரும். வாங்கியபின் சிலிகா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

2022-ல் நான் 17-ல் தொடங்கும் எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். மறுவருடப் பொங்கலுக்கு அண்ணனும் தங்கையும் குடும்பத்தோடு வந்தார்கள். அதே கூடம், அதே 8 அடி. பின்வரிசை 7 பேரும் முழுதாக அடங்கினார்கள். முன்வரிசையில் அம்மா மட்டும் இல்லை.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் ஒரு டேப்பை எடுத்து உங்கள் வீட்டுக் கூடத்தை அளந்துவிடுங்கள்.