முன்பள்ளியில் விளையாட்டும் படிப்புதான்

ஊர் திரும்பியதும் பிள்ளையை முன்பள்ளியில் சேர்த்திருப்பீர்கள். “விளையாடத்தானே விடுகிறார்கள், அ, ஆ எழுதப் பழக்கவில்லையே” என்று பல பெற்றோர் கவலைப்படுகிறார்கள். இடம்பெயர்ந்து காலம் வீணாகிவிட்டதே என்ற தவிப்பு நியாயமானது. ஆனால் 3 முதல் 5 வயதுப் பிள்ளை விளையாடித்தான் கற்கிறது.

சிரட்டையால் தண்ணீர் அள்ளி ஊற்றும்போது அளவு விளங்குகிறது. பூவரசம் இலைகளைச் சிறிது, பெரிது என அடுக்கும்போது ஒப்பிடப் பழகுகிறது. களிமண் பிசையும் விரல்கள் பின்னர் பென்சிலை உறுதியாகப் பிடிக்கும். முகாமில் ஒதுங்கியிருந்த பிள்ளையும் கடை வைத்து விளையாடும்போது மற்றவர்களோடு வாய்திறக்கலாம். எழுத்துகளைத் தரம் 1இல் முறையாகக் கற்பிப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• கழுவிய சிரட்டை, வெற்றுப் பெட்டி, பழைய துணி என்பவற்றை முன்பள்ளிக்குக் கொடுத்துதவுங்கள்.

• பிள்ளை “ஏன்?” என்று கேட்டால் அதட்டாதீர்கள். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள்.

• மாலையில் “இன்று என்ன விளையாடினாய்?” என்று விசாரியுங்கள்.

கவனம்: ஆவலுள்ள பிள்ளை கண்டதையும் எடுக்கும். மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இடத்தில் மட்டும், பெரியவர்களின் பார்வையில் விளையாட விடுங்கள். விளையாட்டுப் பொருட்களை நீங்களே தேடிக் கொடுங்கள். இனந்தெரியாத பொருளைக் கண்டால் “தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல்” என்று பழக்குங்கள். உடனே கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். சொல்ல வந்த பிள்ளையை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சொல்லாது.