இலவந் தோப்பும் மேகமலை வௌவாலும்

போடி, வருசநாடு, கடமலைக்குண்டு வட்டாரங்களில் இலவ மரம் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்த்துப் பூக்கிறது. பூ விரிவது அந்தி சாய்ந்த பிறகு. அந்நேரத்தில் தேனுக்கு வருபவை பழந்தின்னி வௌவால்கள். அவற்றின் முகத்திலும் மார்பிலும் ஒட்டும் மகரந்தம் அடுத்த மரத்துப் பூவில் சேருகிறது. அதே மரத்து மகரந்தத்தால் ஓரளவு காய் பிடிப்பது உண்டு, தேனீயும் வரும். ஆயினும் மரத்துக்கு மரம் மகரந்தம் மாற்றும் வேலையில் வௌவாலுக்கே பெரும் பங்கு. கூலி இல்லாத வேலை என்பதாலோ என்னவோ, அது எவர் கணக்கிலும் வருவதில்லை.

தேனி மாவட்டத்து மலைக்கு வௌவால் ஆராய்ச்சியில் தனி இடம் உண்டு. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தோப்புகளில் சாதாரணமாகக் காணும் குட்டைமூக்கு வௌவால் என்றே அதைக் கருதி வைத்துவிட்டார்கள். 1972-இல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தொங்லோங்யா அதை மீண்டும் ஆராய்ந்தார். வாலில்லாத அந்த வௌவால் முற்றிலும் புதிய பேரினம் எனக் கண்டு, பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். அது மறுபடி கண்டறியப்பட்டது 1993-இல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி தவிர, உலகில் வேறெங்கும் அது இல்லை. பகலில் குகையில் தங்கும். இரவில் அத்தி, உருத்திராட்சம் போன்ற பழங்களைத் தேடிப் போகும்.

குகை மட்டும் போதாது, பழமரமும் அருகே வேண்டும். மேகமலையிலோ தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களுக்கு இடையே காடு துண்டு துண்டாகவும் கிடக்கிறது. இதே நிலையிலுள்ள வால்பாறையில் நடந்த ஆய்வில், சோலைத் துண்டுகளிலும் நாட்டு மரங்களின் நிழலில் வளர்ந்த காப்பியிலும் பலவகை வௌவால்கள் பதிவாயின. தேயிலைப் பரப்பில் வகைகள் குறைந்தன. எனவே ஏலம், காப்பி பயிரிடுவோர் நிழலுக்குச் சில்வர் ஓக்கை மட்டும் நம்பாமல், அத்தி வகைகளையும் ஓடைக்கரை மரங்களையும் வெட்டாமல் விடுவது நல்லது. குகைகளில் புகை போடக் கூடாது. வௌவால் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அழிந்த கூட்டம் எளிதில் பெருகாது.

கம்பம், கூடலூர் பன்னீர் திராட்சை விவசாயிக்கு இதெல்லாம் உவப்பாக இராது. பழுத்த குலைக்கு வௌவாலால் சேதம் வருவது உண்மையே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சாலிம் அலி வௌவால் நீங்கலாக மற்ற பழந்தின்னி வௌவால்கள் எலி, காகத்தோடு தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பட்டியல் நீக்கப்பட்டது.

பந்தலுக்கு வலை கட்டுவோர் விரல் நுழையாத சிறு கண் வலையாக வாங்கி, தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் நைலான் வலையில் வௌவால் சிக்கிச் சாகும், வலையும் கிழியும். விடிந்ததும் பந்தலைச் சுற்றிப் பார்த்து, சிக்கியதை வெறுங்கையால் தொடாமல், கனத்த துணியால் பிடித்து விடுவிக்கலாம். வௌவால் கடித்த பழத்தை உண்ணவோ விற்கவோ கூடாது. குழியில் போட்டு மூடிவிட வேண்டும்.