ஆண் துணை வேண்டாத உண்ணியும் அதன் வழி பரவும் மாட்டு வியாதியும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்து மாட்டு மந்தை ஒன்றில் 2017-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, அதன்பின் பல மாகாணங்களுக்கும் பரவிவிட்ட தைலேரியா ஓரியண்டாலிஸ் இக்கேடா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி, மாட்டின் சிவப்பு ரத்த அணுக்களுக்குள் புகுந்து வாழ்கிறது. அவ்வணுக்கள் அழிய அழியப் பிராணி சோகையுற்று, ஈறு வெளுத்து, கண் மஞ்சள் பூத்து, மந்தையோடு நடக்க மாட்டாமல் மூச்சிரைத்துப் பின்தங்கும். சினைப்பசு கருவை இழப்பதும் உண்டு. மனிதரை இது தொற்றுவதில்லை.

இதைப் பரப்புவது கிழக்காசியாவிலிருந்து வந்த நெடுங்கொம்பு உண்ணி. 2017-இல் நியூஜெர்சியில் செம்மறியாடு ஒன்றின்மேல் இது காணப்பட்டது. ஆனால் சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளை ஆராய்ந்தபோது, 2010-லேயே மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மானின்மேல் இருந்தது புலப்பட்டது. ஆணின் சேர்க்கையின்றியே பெண் உண்ணி ஏறத்தாழ 2,000 முட்டைகள் வரை இடவல்லது என்பதால், வழிதவறி வந்த ஒற்றை உண்ணியே ஒரு மேய்ச்சல் நிலத்தை நிரப்பிவிடப் போதும்.

உண்ணியால் மாட்டுக்கு நோய் வரும் என்பதை 1893-இல் ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்ஸஸ் ஜுரத்தைக் கொண்டு உலகுக்கு நிரூபித்தது இதே தேசத்தில்தான். அந்த ஜுரத்தைப் பரப்பிய உண்ணியை ஒழிக்க 1906-இல் தொடங்கிய இயக்கம், மாடுகளை மருந்துத் தொட்டிகளில் முக்கி முக்கி, 1943-க்குள் மெக்ஸிகோ எல்லையோரம் நீங்கலாக ஏறக்குறைய முழு வெற்றி கண்டது. அம்முறை இன்று அவ்வளவு எளிதில் பலிக்காது. அந்த உண்ணி ஆயுள் முழுதும் ஒரே மாட்டை அண்டிக் கிடந்தது; இதுவோ மூன்று பருவங்களில் மூன்று பிராணிகளை நாடி, மானையும் நாயையும்கூட விடாமல் ரத்தம் குடித்து, மிகுதி நாளெல்லாம் புல்லிடையே மறைந்திருக்கிறது.

நம் நாட்டுக் கலப்பினப் பசுக்களை வாட்டும் தைலேரியா அன்னுலேட்டா இந்த ஒட்டுண்ணியின் உடன்பிறப்பே. அதற்கு இங்கே வழங்கும் புபார்வகோன் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதியில்லை. தடுப்பூசியும் அங்கே கிடையாது.

ஆயினும் ஒரு நற்செய்தி உண்டு. தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கு இந்த ஒட்டுண்ணி செல்வதில்லை. ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் நோயுற்ற மாட்டிடமிருந்தே அதைப் புதிதாகப் பெற வேண்டும். பிழைத்த மாடு, பார்வைக்கு ஆரோக்கியமாய் நின்றாலும், நெடுங்காலம் கிருமியைத் தாங்கியே நிற்கும் என்பதுதான் இதில் அபாயம். ஆகவே, மாடு வாங்குவோர் ரத்தப் பரிசோதனை முடியும்வரை அதை மந்தையோடு சேர்க்காதிருக்க வேண்டும். ரத்தம் ஒட்டிய ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போடும் வழக்கத்தையும் இன்றே கைவிட வேண்டும்.