ஏரியலின் அக்கம்பக்கம்

வானொலி அலையை விளக்கப் புகும் எவரும் முதலில் நம்மை ஒரு குளத்தங்கரைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். குளத்திலே ஒரு கல்லை எறிகிறோம்; வட்டவட்டமாக அலைகள் எழுந்து கரையை நோக்கிப் பரவுகின்றன; ஏரியலிலிருந்து வானொலி அலைகளும் இப்படித்தான் பரவுகின்றன என்று சொல்வார்கள். உவமை நல்ல உவமைதான். ஆனால் அதைச் சொல்பவர்களும் கேட்பவர்களும் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல் விழுந்த இடத்தை உற்று நோக்குவதில்லை. அங்கே நீர் குழிகிறது, எழும்புகிறது, மீண்டும் குழிகிறது. அலை என்று பெயரிடத்தக்க ஒன்று அங்கே இன்னும் உருவாகவில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த இடத்தைப் பற்றித்தான். சிறிய ஏரியல்களுக்கு வெகு அருகில் மின்புலமும் காந்தப் புலமும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே பொருள்.

'சிறிய' என்றால் இங்கே கையளவு என்று பொருள் அன்று. அலைநீளத்தோடு ஒப்பிடும்போது சிறியது என்று பொருள். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், விண்ணை முட்டும் கோபுரங்களும் சில சமயம் சிறிய ஏரியல்களாகிவிடுகின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பியை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் மின்னோட்டம் மேலும் கீழுமாக மாறி மாறி ஓடுகிறது. கம்பியின் முனையில் மின்னூட்டம் சேரும்போது அதைச் சுற்றி மின்புலம் தோன்றுகிறது. மின்னோட்டம் ஓடும்போது கம்பியை வளையமாகச் சூழ்ந்து காந்தப் புலம் தோன்றுகிறது. சுருள்வில்லை அழுத்தினால் அதில் சக்தி அடங்கியிருப்பது போல, இந்தப் புலங்களிலும் சக்தி அடங்கியிருக்கிறது. மின்னூட்டம் வடியும்போது மின்புலம் சுருங்குகிறது. அதிலிருந்த சக்தி கம்பிக்கே திரும்பி வருகிறது. அடுத்த கணம் மீண்டும் வெளியே போகிறது. ஏரியலுக்கு அருகிலுள்ள சக்தியில் பெரும்பகுதி இவ்வாறு போவதும் வருவதுமாகவே இருக்கிறது. அண்டை வீட்டாருக்கு நாம் கைமாற்றாகக் கொடுக்கும் பணம் போன்றது அது. கொடுத்தோம், வாங்கிக்கொண்டோம், மறுபடியும் கொடுத்தோம்; கையிருப்பு கரைவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு பகுதி திரும்பி வருவதில்லை, ஊரைவிட்டே போய்விடுகிறது. அப்படிப் போன பகுதிதான் வானொலி அலை.

இதைக் கணக்கிட்டுப் படமாகவும் வரைந்து காட்டியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி. மின்காந்த அலைகள் உண்மையிலேயே உண்டு என்று கார்ல்ஸ்ரூவே நகரில் 1887, 1888ஆம் ஆண்டுகளில் செய்த சோதனைகளால் நிலைநாட்டியவரும் அவரே. மாக்ஸ்வெல்லின் கொள்கையைக் கொண்டு, ஒரு சிறு மின்னலைவியைச் சுற்றியுள்ள புலக்கோடுகள் கணத்துக்குக் கணம் எப்படி மாறுகின்றன என்று 1889இல் அவர் வரைந்தார். அந்தப் படங்களில் அருகிலுள்ள கோடுகள் வீங்குகின்றன. பிறகு சுருங்கி வந்த இடத்திலேயே மறைகின்றன. சற்று அப்பால் போய்விட்ட கோடுகளோ, திரும்பி வர நேரம் போதாமல், இடை குறுகி, அறுந்து, மூடிய வளையங்களாகித் தம் போக்கில் செல்கின்றன. குழலின் நுனியிலிருந்து சோப்புக் குமிழி கழன்று போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. ஹெர்ட்ஸ் 1894இல், தமது முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் வரைந்ததைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இதுவரை கண்டதில்லை.

நேரம் போதவில்லை என்றேன்; சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. கம்பியில் மின்னோட்டம் திரும்பிவிட்டது என்னும் செய்தி ஒளியின் வேகத்துக்கு மேல் விரைந்து பரவ முடியாது. அருகில் உள்ள புலத்துக்குச் செய்தி உடனே எட்டிவிடுகிறது. அது ஒழுங்காக வீடு திரும்புகிறது. தொலைவில் உள்ளதற்குச் செய்தி எட்டுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. அப்படியானால் அருகு என்பது எதுவரை? அலைநீளத்தை ஏறத்தாழ 6.28ஆல், அதாவது பையின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் தூரம்வரை என்பது விடை. பெரிய குவியாடி ஏரியல்களுக்குக் கணக்கு வேறு. அதை இங்கே எடுக்கவில்லை.

நடுத்தர அலைவரிசையில் 720 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் சுமார் 417 மீட்டர். எல்லை 66 மீட்டர். பண்பலை ஒலிபரப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3 மீட்டர். எல்லை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கைப்பேசிகள் பயன்படுத்தும் 900 மெகாஹெர்ட்ஸில் அது 5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மறுபுறம், வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது. அதன் அலைநீளம் 6000 கிலோமீட்டர். எல்லை சுமார் 950 கிலோமீட்டர். சென்னையில் ஒரு வீட்டின் மின்கம்பிக்குக் கன்னியாகுமரியும் அக்கம்பக்கந்தான்!

எல்லைக்கு உள்ளும் புறமும் புலங்கள் குறையும் விதம் வேறு. வெளியே, தூரம் இரண்டு மடங்கானால் புலம் பாதியாகிறது. உள்ளே, சிறிய கம்பி ஏரியலின் மின்புலம் எட்டில் ஒரு பங்காகவும் காந்தப் புலம் நான்கில் ஒரு பங்காகவும் விழுந்துவிடுகின்றன. கம்பியை வளைத்துச் சுருளாக்கினால் இந்த இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. வெளியே மின்புலத்துக்கும் காந்தப் புலத்துக்கும் உள்ள விகிதம் எப்போதும் ஒன்றே: 377 ஓம். உள்ளே அப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. கம்பிக்கு அருகில் மின்புலத்தின் கை ஓங்கியிருக்கிறது. சுருளுக்கு அருகில் காந்தப் புலத்தின் கை. ஆகையால் ஏரியலுக்கு அருகே நின்று புலத்தை அளப்பவர் ஒன்றை அளந்து மற்றொன்றைக் கணக்கிட்டுக்கொள்ளலாகாது. இரண்டையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே கடற்கரையில் சோதிக்கப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. வில்லியம் பிரீஸ் என்பவர் பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர். இடையே கம்பி இல்லாமல் தந்தி அனுப்ப வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் முயன்றார். 1892இல் வேல்ஸ் நாட்டுக் கரையில் லாவர்னாக் என்னுமிடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கம்பி ஒன்றைக் கட்டினார். எதிரே, சுமார் 5 கிலோமீட்டர் அப்பால் ஃபிளாட் ஹோம் தீவில் அதற்கு இணையாக இன்னொரு கம்பி. கரைக் கம்பியில் மெதுவாக அலையும் மின்னோட்டத்தைச் செலுத்தினார். தீவில் தந்தி கேட்டது. அதற்கும் அப்பால், சுமார் எட்டரைக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஸ்டீப் ஹோம் தீவோடு பேச முயன்றபோது காரியம் கைகூடவில்லை. காரணம் இப்போது நமக்கு விளங்கும். அவருடைய மின்னோட்டத்தின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அவர் தொட்டதெல்லாம் கைமாற்றுச் சக்தியே. கடல்நீரிலும் மண்ணிலும் கசிந்த மின்னோட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. தூரம் கூடக் கூடக் கம்பிகளின் நீளத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று பிரீஸே கண்டிருந்தார். அகலமான கடலைத் தாண்டும் வழி அதுவன்று.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1897 மே மாதத்தில், அதே லாவர்னாக்கிலிருந்து அதே ஃபிளாட் ஹோம் தீவோடு இளைஞர் மார்க்கோனி தொடர்பு கொண்டார். அவருடைய பொறி மிக விரைவாக அலைந்தது. ஆகவே அலைகள் அறுத்துக்கொண்டு புறப்பட்டன. சில நாட்களில் எதிர்க்கரை வரைக்கும், சுமார் 14 கிலோமீட்டர், செய்தி சென்றது. அந்தச் சோதனைக்கு உதவி புரிந்தவர் பிரீஸ்தான். தம் முறை தோற்ற கடலிலேயே மற்றொருவர் முறைக்கு அவர் இடங்கொடுத்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

பிரீஸின் வழி வீண்போயிற்று என்று நினைக்க வேண்டாம். மெட்ரோ ரயில் வாயிலில் நாம் தொட்டுக் காட்டும் பயண அட்டை அவருடைய வம்சத்தைச் சேர்ந்தது. அட்டைக்குள் மின்கலம் இல்லை. ஓரத்தைச் சுற்றிச் சில சுற்றுக் கம்பிச்சுருளும், எள்ளளவு மின்னணுச் சில்லும் உண்டு. வாயிற்கருவியிலும் ஒரு சுருள் இருக்கிறது. அது 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அலைநீளம் 22 மீட்டர், எல்லை மூன்றரை மீட்டர். அட்டையோ சில சென்டிமீட்டர் தூரத்தில், எல்லைக்கு வெகு உள்ளே நிற்கிறது. அங்கே போய்வரும் காந்தப் புலத்திலிருந்து அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுக்கும்போது வாயிற்கருவிக்கு அது தெரிகிறது! கைமாற்றுக் கொடுத்த பணம் குறைந்து திரும்பினால் கொடுத்தவருக்குத் தெரியாமல் போகுமா? அட்டை சற்று மிகுதியாகவும் சற்றுக் குறைவாகவும் மாறி மாறி எடுப்பதன் மூலமே தன் எண்ணைத் தெரிவித்துவிடுகிறது. தனியாக அதற்கு ஒலிபரப்பி ஏதும் கிடையாது. அருகுப் புலத்துக்கும் தொலைவுப் புலத்துக்கும் உள்ள வேறுபாடுகளில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். நூறு கிலோமீட்டர் அப்பால் எத்தனை பெட்டிகள் திறந்திருக்கின்றன, எத்தனை மூடியிருக்கின்றன என்பது ஒலிபரப்பு நிலையத்தின் ஏரியலுக்குத் தெரியவே தெரியாது. புறப்பட்ட அலை புறப்பட்டதுதான். எல்லைக்குள் இருப்பவரோ ஏரியலின் கையைப் பிடித்து இழுக்கிறார்.

இனிக் கோபுரத்துக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் அருகே இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990இல் பணியில் அமர்த்தப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அதன் தொழில். உப்புநீர் வானொலி அலையை விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளே பத்து, இருபது மீட்டர் ஆழம்வரை எட்டும். ஆகவே அந்நிலையம் 18 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல்! அங்குள்ள மிக உயர்ந்த கோபுரங்களின் உயரம் 471 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப்போல் ஏழு மடங்கு. ஆயினும் அலைநீளத்தில் அது முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். நம் அளவுகோலின்படி அது ஒரு குட்டி ஏரியல். அதன் அக்கம்பக்கம் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறது.

குட்டி ஏரியலுக்கு என்ன குறை? போய்வரும் சக்தி மலையளவு, வெளியேறும் சக்தி கடுகளவு. உயரத்தைப் பாதியாக்கினால், அதே மின்னோட்டத்துக்கு வெளியேறும் சக்தி கால் பங்காகிவிடுகிறது. ஆகையால் பெரும் மின்னோட்டத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த மின்னோட்டம் கம்பியையும் மண்ணையும் சூடாக்குகிறது. ஏரியலின் புலம் நிலத்தில் பாய்ந்து அங்கேயே மடிந்துவிடாதிருக்க, இத்தகைய நிலையங்களில் நிலத்தடியில் செம்புக் கம்பிகளைப் பெருமளவில் பரப்பிப் புதைப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியும் கோபுரத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத அந்தச் செம்புதான் பல இடங்களில் நிலையத்தின் தகுதியைத் தீர்மானிக்கிறது.

இதைவிடக் கடுமையான ஒரு விதியும் உண்டு. அமெரிக்கரான ஹாரால்ட் வீலர் 1947இலும், லான் ஜென் சூ 1948இலும் அதை எடுத்துரைத்தார்கள். ஏரியலின் அளவைப் பாதியாகக் குறைத்தால், சுற்றித் தங்கும் சக்திக்கும் வெளியேறும் சக்திக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது; அது தாங்கும் அலைவரிசையின் அகலம் எட்டில் ஒன்றாகிறது. கட்டபொம்மன் நிலையம் போன்றவை பேச்சை அனுப்புவதில்லை. குறியீட்டில் எழுத்துகளை மெதுவாக அனுப்புகின்றன. ஒரு மனிதக் குரல் நுழையும் அளவுக்கு அங்கே வாசல் அகலம் இல்லை. கையளவு இருக்கும், எல்லா அலைகளையும் சிறப்பாக ஒலிபரப்பும் என்று சொல்லி ஏரியல் விற்பவர் எவரேனும் வந்தால், அது எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பார்க்கச் சொல்வேன். சிறுமையும் அகலமும் ஒருங்கே வாய்த்திருந்தால், பெரும்பாலும் சக்தி வெப்பமாகப் போகிறது என்று பொருள்.

அப்படியானால் நம் வீட்டு வானொலிப் பெட்டிக்குள் விரல்நீள ஃபெரைட் கோலில் சுற்றிய சுருள் எப்படி 417 மீட்டர் அலையைப் பிடிக்கிறது? நியாயமான கேள்வி. அது மிக மோசமாகத்தான் பிடிக்கிறது. ஆனால் நடுத்தர அலையில் வானத்திலிருந்து வரும் இரைச்சலே மிகுதி. கோல் குரலைக் குறைத்தால் அந்த இரைச்சலையும் அதே அளவு குறைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம், விகிதம் கெடுவதில்லை. நீர்மூழ்கிக் கப்பலின் ஏரியலும் இதே தைரியத்தில்தான் சிறியதாக இருக்கிறது. ஒலிபரப்பும் ஏரியலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வீட்டுக்குள் பிறக்கும் இரைச்சல் வேறு வகை. எல்.இ.டி. விளக்கும், கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவியும் நடுத்தர அலையில் கரகரப்பை உண்டாக்குவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அவை 66 மீட்டர் எல்லைக்கு வெகு உள்ளே இருக்கின்றன. நிலையமோ எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. விளக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கும் பெட்டியை இரண்டு முழ தூரத்துக்கு நகர்த்துங்கள். விளக்கிலிருந்து நேரே வரும் காந்தப் புலம் எட்டில் ஒரு பங்குவரை குறையக்கூடும். நிலையத்தின் குரல் சிறிதும் குறையாது. அப்படியும் கரகரப்பு நீங்காவிட்டால், அது சுவருக்குள் ஓடும் மின்கம்பி வழியே வருகிறது. பெட்டியை மின்கலத்தில் இயக்கி, சுவரை விட்டு விலக்கி, குரல் தெளியும்வரை மெல்லத் திருப்பி வையுங்கள்.